எந்தக் கட்டம் என்று சொல்லாத சிவப்பு வரி

1

போன வாரம் அலுவலகக் கூட்டத்தில் கத்திவிட்டேன். குரலை உயர்த்திப் பேசினேன் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் ராத்திரியோடு ராத்திரியாக எவனாவது மடையைத் திருப்பிவிட்டால் எங்கள் அக்கா வரப்பில் நின்று எப்படிக் கத்துவாளோ, அப்படித்தான் கத்தினேன். அறையில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் மடிக்கணினிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். மேலாளர் மார்ட்டின் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்து, "இதை நாம் தனியாகப் பேசலாமே" என்றார். இந்த ஊரில் ஒருவர் அப்படிச் சிரித்தால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருடம். எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர், அங்கே எங்கள் சின்ன மாமனார் பையன் இருக்கிறானே, தெரியுமா என்று கேட்பீர்கள். குளிர்நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கத்தியது ஒரு விண்ணப்பப் பக்கத்துக்காக. இணையத்தில் நிரப்புகிற விண்ணப்பம். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது புதிதில்லை. வருமானச் சான்றிதழோ, பிள்ளைக்குக் கல்லூரி இடமோ, எதுவானாலும் இப்போது செல்போனில்தான். ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, போட்டோவை ஏற்றி, ஆதாரை ஏற்றி, கடைசிப் பொத்தானை அமுக்குவீர்கள். உடனே பக்கத்தின் உச்சியில் ஒரு சிவப்பு வரி வந்து நிற்கும். 'உங்கள் விண்ணப்பத்தில் பிழைகள் உள்ளன. சரிபார்த்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

எந்தப் பிழை? எந்தக் கட்டத்தில்? அது வாயைத் திறக்காது.

என் பிழைப்பே இந்த மாதிரிப் பக்கங்களைச் செய்வதுதான். மருத்துவமனைகளில் நோயாளிகள் நேரம் வாங்குவதற்கான பக்கங்களை எங்கள் கம்பெனி செய்துகொடுக்கிறது. அதனால் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும். நீங்கள் பொத்தானை அமுக்கியதும் எல்லாம் பின்னால் இருக்கிற சர்வருக்குப் போகிறது. சர்வர் கட்டம் கட்டமாகச் சோதிக்கிறது. பிறந்த தேதி தப்பு, பின்கோடில் ஓர் எண் குறைகிறது என்று தனித்தனியாகக் குறித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதிலை வாங்கி, அந்தந்தக் கட்டத்துக்குக் கீழே சிவப்பில் எழுதிக் காட்ட வேண்டியது பக்கத்தைச் செய்கிற எங்கள் பொறுப்பு. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் பல பேர் செய்வதில்லை. சர்வர் சொன்னதையெல்லாம் கீழே போட்டுவிட்டு, பொதுவாக ஒரு வரியை எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அதாவது, அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்லவில்லை. எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

2

அக்காவின் பெயர் ராணி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளும் அத்தானும் மார்க்கையன்கோட்டையில் வாழையும் நெல்லும் போடுகிறார்கள். அத்தான் வாழைத்தாரை வண்டியில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோய், கேரளா வியாபாரிகளிடம் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் விலை பேசுவார். தோட்டத்தில் ஆள் விடுவது, தண்ணீர் பாய்ச்சுவது, பாங்க் வேலை எல்லாம் அக்கா. பன்னிரண்டாவது வரை படித்தவள். காற்றில் வாழை சாய்ந்தால் நிவாரணத்துக்கு எழுதுவது வரைக்கும் செல்போனில் தானே முடித்துவிடுவாள். பக்கத்தில் நின்று யாராவது யோசனை சொன்னால், "நீயே போட்டுக்க, நா எந்திரிச்சுப் போறேன்" என்பாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை, போகாத கோவில் இல்லை.

என் மகள் கயல்விழி ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது நானும் என் கணவர் குமாரும் இங்கே வந்தோம். வீடு, வேலை, விசா எல்லாம் ஒரு நிலைக்கு வர இரண்டு வருடம் ஆனது. அதுவரை கயல் அக்காவிடம்தான் இருந்தாள். பேச்சு வந்தது அங்கேதான். முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டதும் அக்காவைத்தான். நான் போய்க் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது, யாரோ பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து வீரிட்டாள். அக்கா வாசலுக்கு வரவில்லை. கொல்லைப்பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

கயலுக்கு இப்போது பதினாறு. அந்த இரண்டு வருடத்தில் ஒரு துளிகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. வீடியோவில் அக்கா வந்தால், "ஹாய் பெரியம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அறைக்குள் போய்விடுவாள். அக்காவும், "படிக்கிற புள்ள, விடு" என்பாள். மரியாதையாகப் பேசுகிறாளே என்று சந்தோஷப்பட வேண்டுமாம். பெற்ற தாயைப்போல வளர்த்தவளை யாரோ மாதிரி 'சாப்பிட்டீங்களா' என்று விசாரிப்பதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடத் தொடக்கத்தில் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். இங்கே ஆப்பரேஷன் முடிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது. குமார் தொலைதூர லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அக்காவிடம் உதவி கேட்கவில்லை, செய்தியை மட்டும்தான் சொன்னேன்.

"எப்ப?" என்றாள்.

"நாலு மாசம் கழிச்சு தேதி குடுத்துருக்காங்க."

"நா வாரேன்."

"தோட்டத்த விட்டுட்டு எப்பிடிக்கா?"

"தோட்டம் எங்குட்டும் ஓடிறாது. ஒங்க அத்தான் பாத்துக்கிருவாரு. வயித்தக் கிழிச்சுப் போட்டு, அங்கன ஒத்தையில கெடப்பியா? பாஸ்போட்டுக்கு என்ன செய்யணும், அத மட்டும் சொல்லு."

பாஸ்போர்ட்டையும் அவளே எடுத்தாள்.

3

விசா விண்ணப்பத்தை விண்ணப்பதாரர்தான் நிரப்ப வேண்டும் என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருந்தது. ஓடிபியும் அவள் செல்லுக்குத்தான் வரும். நான் வேலையில் இருக்கிற நேரம் அவளுக்குச் சாயங்காலம். தோட்டத்து மோட்டார் ரூமில் டவர் நன்றாகக் கிடைக்கும் என்று அங்கே போய் உட்கார்ந்து நிரப்பினாள். பக்கம் பக்கமாகப் போகும் விண்ணப்பம். முதலில் சொந்த விவரம், அப்புறம் குடும்பம், அப்புறம் வேலை, முகவரி, பணம். கடைசியில் பொத்தான்.

பொத்தானை அமுக்கினாள். சிவப்பு வரி வந்தது. அதோடு விட்டதா? ஏற்றி வைத்த போட்டோவும் பாங்க் காகிதமும் காணாமல் போயிருந்தன. மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றி அமுக்கினாள். மறுபடி அதே வரி. கொஞ்ச நேரத்தில், பல முறை தவறாக முயன்றதால் உங்கள் கணக்கு நாளை வரை முடக்கப்படுகிறது என்று வந்துவிட்டது. திருடன் பூட்டை ஆட்டிப் பார்த்ததுபோல.

மறுநாள் போனில் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முடிகிற தேதி. எல்லாம் சரியாக இருந்தது.

"மத்தது?"

"மத்ததும் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

அமுக்கினாள். சிவப்பு வரி.

இப்படியே அந்த வாரம் போயிற்று. எனக்கு எரிச்சல், அவளுக்கு வேறு என்னவோ. எந்த இடத்தில் தப்பு என்று சொல்லாவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எல்லா இடத்திலும் தப்பு இருப்பதாக நினைக்க ஆரம்பிப்பார்கள். அவ்வளவு தைரியமான என் அக்கா தன் வாழ்க்கையை வரி வரியாகச் சந்தேகப்பட்டாள்.

"அத்தான் தொழிலு வெவசாயம்ன்டு போட்டேன். யாவாரம்ன்டு மாத்தவா?"

"வேணாம்க்கா. அது சரிதான்."

"வீட்டுக்குக் கதவு நம்பர் பழசு போட்டேன். அது ஒத்துக்கலையோ?"

"அதெல்லாம் அவனுக்குத் தெரியாதுக்கா."

"புள்ளைக எத்தனன்டு கேட்டுருக்கு."

"சைபர் போடு."

"அதத்தான் போட்டேன்."

மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவளே, "என்னையவே வேணாங்குறாக போல, ஆத்தா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

4

இந்த இடத்தில் உங்களிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டும். இதைப் படித்துவிட்டு, வெளிநாட்டுக்காரனே இப்படித்தான், நம் ஊரில் எல்லாம் வெளிப்படை என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் அவர்களுக்காக.

இங்கே நாங்கள் குடியிருக்கிற அடுக்குமாடியில், 'சில குடியிருப்பாளர்கள் பிறர் அமைதியைக் கருத்தில் கொள்வதில்லை' என்று படிக்கட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். யார் அந்தச் சில பேர்? நானும் மற்றவர்களோடு சேர்ந்து, யாரோ பண்பில்லாத ஜென்மம் என்று தலையை ஆட்டினேன். மூன்று தடவை நோட்டீஸ் மாறியது. கடைசியில் பார்த்தால் அது நான்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் கிரைண்டரில் மாவு ஆட்டுவது கீழ்வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. தினமும் லிஃப்டில் எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன்! ஊராக இருந்தால் முதல் வாரமே, "ஏ சாந்தி, கிரைண்டர நிப்பாட்டு, மனுசன் தூங்க வேணாமா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்திருக்கும். நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டு நிறுத்தியிருப்பேன்.

ஆனால் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? நிலத்துக்குப் பெயர் மாற்றப் போனால் ஓர் ஆபீசில், "சரியா இல்லம்மா, சரி பண்ணிக் கொண்டாங்க" என்று காகிதத்தைத் தள்ளிவிடுவார்கள். என்ன சரியில்லை என்று கேட்டால் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்ப்பார்கள். எதற்காகப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அக்காவுக்கு நம் ஊர் செய்தது அதைவிட மோசம். அவள் விஷயத்தில் எந்தக் கட்டம் என்று சொல்லாமல் விட்டதே இல்லை. வளைகாப்பு வீடுகளில் எல்லாப் பெண்களும் வளையல் போட எழுந்து போவார்கள். "ராணி, நீ சமையக்கட்டப் பாத்துக்க ஆத்தா" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவள் தோட்டம் செழிப்பாக இருந்தால், "யாருக்கு வச்சுட்டுப் போகப் போற?" என்பார்கள். அவள் குணம், உழைப்பு, கணக்கு எல்லாம் சரி. அந்த ஒரு கட்டத்தின் மேல் மட்டும் முப்பது வருடமாக ஊரே விரலை வைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த விரலை எடுக்கச் சொல்லி நீங்கள் யாரும் கேட்டதில்லை.

5

ஒரு சனிக்கிழமை, அக்காவிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, அவள் ஓடிபி சொல்ல, என் வீட்டுக் கணினியில் நான் நுழைந்தேன். அவள் அனுப்பிய போட்டோவையும் பாங்க் காகிதத்தையும் ஏற்றி, பொத்தானை அமுக்கினேன். அதே சிவப்பு வரி. பிரவுசரில் உள்ளே நடப்பதைப் பார்க்க எங்களைப் போன்ற ஆட்களுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்து சர்வர் அனுப்பிய பதிலைப் படித்தேன்.

அழகாக எழுதி அனுப்பியிருந்தது. மாற்றுத் தொலைபேசி எண் என்ற கட்டத்தில் எண்கள் மட்டுமே இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு பிழை. கட்டத்தின் பெயர் முதற்கொண்டு தெளிவாக இருந்தது. ஒரு வாரமாக ஒவ்வொரு தடவையும் இதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தைச் செய்த புண்ணியவான் அதை வாங்கி அக்காவுக்குக் காட்டவில்லை.

அந்தக் கட்டத்தைப் போய்ப் பார்த்தேன். கட்டாயமில்லாத கட்டம், காலியாக விடலாம். இடது ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் ஒரு சின்னக் கோடு இருந்தது.

"ஏக்கா இதுல கோடு போட்ட?"

"இன்னொரு நம்பர் ஏது எங்கிட்ட? இல்லைன்டா கோடுதான போடணும்?"

"காலியா விட வேண்டியதுதான?"

"காலியா எப்பிடி விட? தாலுகா ஆபீசுல அந்தக் கிளார்க்கம்மா என்ன சொன்னாக? கீழ கையெழுத்தப் போட்டுட்டு மேல எடத்தக் காலியா விட்டா, எவன் வேணாலும் எது வேணாலும் எழுதிக்குவான், கோடு போடுன்டு விரல வச்சுக் காட்டுனாகல்ல. அன்னையிலருந்து நா எதையும் காலியா விட்டதில்ல."

அவளைச் சொல்லி என்ன? நம் பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லாரும் சொல்லிக்கொடுத்தது அதுதான். நானே இன்றைக்கும் கயலின் பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் காலி இடத்துக்கெல்லாம் கோடு போடுகிறேன். "அம்மா, ஆப்ஷனல்னா விட்டுடலாம்மா. யார் வந்து எழுதப் போறா?" என்று அவள் சிரிப்பாள். நிலம் வைத்திருந்து பார்த்தால் தெரியும் யார் வந்து எழுதுவார்கள் என்று.

அக்கா தன் செல்லிலேயே அந்தக் கோட்டை அழித்தாள். போட்டோவை மறுபடி ஏற்றி, பொத்தானை அமுக்கினாள். விண்ணப்பம் பெறப்பட்டது என்று பச்சையில் வந்தது. "போயிருச்சு, போயிருச்சு" என்று மோட்டார் ரூமிலிருந்து கத்தினாள். அத்தான் எதற்கோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. நானும் கைதட்டினேன்.

குடும்பப் பக்கத்தை நான் திறந்து பார்க்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? சர்வர் தப்பென்று சொன்னது ஒரே ஒரு கட்டத்தைத்தான்.

6

மூன்று வாரம் கழித்து விசா மறுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு மட்டும் வாய் இருந்தது. என்ன பிழை, எந்தப் பகுதி என்று சுத்தமாகச் சொல்லியிருந்தார். குடும்ப விவரத்தில் விண்ணப்பதாரர் தனக்கு ஒரு குழந்தை இருப்பதாகத் தெரிவித்திருக்கிறார். பெயர் கயல்விழி. அதே பெயரும் அதே பிறந்த தேதியும் கொண்டவர் அழைப்புக் கடிதத்தில் அழைப்பவரின் மகள் என்று இருக்கிறார். எனவே விண்ணப்பதாரர் பொய்யான தகவல் அளித்துள்ளார். இனி எப்போது விண்ணப்பித்தாலும் இது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"கயலு பேரப் போட்டியாக்கா?"

"போட்டேன்" என்றாள்.

"அக்கா, எப்பப் போட்ட?"

"அந்தச் சனிக்கெழம காலையில. நீ உள்ள நொழையுறதுக்கு முந்தி." அவள் குரல் தேய்ந்தது. "எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் சாந்தி. வெவசாயத்த யாவாரம்ன்டு மாத்துனேன், திரும்ப வெவசாயம்ன்டு மாத்துனேன். அதுவும் இல்ல, இதுவும் இல்ல. அப்ப மிச்சம் என்ன இருக்கு? சைபருதான் ஒத்துக்கலன்டு நெனச்சேன். புள்ள இல்லாதவ ஊருக்குத் திரும்ப மாட்டா, அங்கனயே தங்கிருவான்டு யோசிப்பாக போலன்டு. ஒண்ணுன்டு போட்டேன். பேரு கேட்டுச்சு. வேற யாரு பேரப் போட?"

"அன்னைக்கி எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்ல? ஒம் புள்ளைய எம் புள்ளன்டு எழுதிருக்கேன்டு எப்பிடிச் சொல்ல? அப்பறம் அது போயிருச்சு. சைபர மாத்துனதாலதான் போச்சுன்டே இருந்தேன்."

ஒரு கோட்டுக்காக நின்ற விண்ணப்பம் அது. அந்தக் கோட்டுக்குக் கீழே, 'இங்கே எண்கள் மட்டும்' என்று சிவப்பில் மூன்று வார்த்தை வந்திருந்தால் அக்கா முதல் நாளே அழித்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போயிருப்பாள். அவள் புத்திசாலி. எங்கே தப்பு என்று சொன்னால் திருத்திக்கொள்கிறவள். சொல்லாமல் விட்டதால், ஊர் முப்பது வருடமாக எந்த இடத்தில் விரல் வைத்ததோ அந்த இடத்துக்கே அவளும் போய்ச் சேர்ந்தாள். அதில் கை வைத்தாள். இப்போது அவள் பொய்க்காரி என்று ஒரு நாட்டின் கணினியில் பதிவாகியிருக்கிறது.

கயல் என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "பெரியம்மா என் டேட் ஆஃப் பர்த் கரெக்டா போட்டாங்களா?" என்று கேட்டாள். போட்டிருந்தாள். யாரிடமும் கேட்காமல் போட்டிருந்தாள். "அப்பா கூட வருஷத்த மாத்திச் சொல்வார்" என்று சொல்லிவிட்டு, கயல் அன்றைக்கு அறைக்குள் போகாமல் சோபாவில் உட்கார்ந்தாள். "நான் அங்க ரெண்டு வருஷம் இருந்தேனாம்மா? அங்க நான் என்ன பண்ணுவேன்?" என்று முதல் தடவையாகக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை. அக்காவிடம் கேள் என்றேன்.

7

போன வாரக் கூட்டத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய மருத்துவமனைக்கு நாங்கள் செய்துகொண்டிருக்கிற பக்கம். நோயாளிகள் தங்கள் நோய், மருந்து, ஒவ்வாமை எல்லாம் நிரப்ப வேண்டியது. பிழைகளைக் கட்டத்துக்குக் கட்டம் காட்டுகிற வேலையை அடுத்த பதிப்புக்குத் தள்ளலாம், இப்போதைக்கு மேலே ஒரு பொது வரி போதும் என்று மார்ட்டின் சொன்னார். ஆறு மொழியில் மொழிபெயர்க்க வேண்டுமாம், நேரம் இல்லையாம். "பயனாளர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார்.

அந்த வார்த்தைதான். அவர்கள் கண்டுபிடிக்கமாட்டார்கள், தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள், உண்மையை அழித்துவிட்டுப் பொய்யை எழுதுவார்கள், மருந்துப் பெயரை மாற்றி எழுதுவார்கள், அதைப் பார்த்து நீங்கள் ஊசி போடுவீர்கள் என்று கத்தினேன். பாதி ஆங்கிலம். பாதி என்ன பாஷை என்று எனக்கே தெரியவில்லை. 'ஏலே' என்ற வார்த்தை நிச்சயமாக வந்தது. மனிதவளத் துறையிலிருந்து மறுநாள் மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் தொடர்பு முறையில் சில அம்சங்கள் மேம்பட வேண்டும்.' எந்த அம்சங்கள் என்று பதில் எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

நான் செய்கிற பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் பிழையை எழுதிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டேன். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும்.

8

நேற்று அக்காவைக் கூப்பிட்டேன். ஆப்பரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வக்கீல் ஒருவரைப் பிடித்துவிட்டேன். மறுபடி விண்ணப்பித்து, நடந்ததை விளக்கி ஒரு கடிதம் வைத்தால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்கிறார். குழந்தைகள் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி நிரப்ப வேண்டும், போன தடவை ஏன் மாற்றி எழுதினேன் என்று அக்காவே காரணம் சொல்ல வேண்டும்.

"என்னன்டு எழுதச் சொல்றாரு?"

"தெரியாமப் போட்டுட்டேன்னு எழுதணும்க்கா. அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் சம்பந்தமில்ல, தங்கச்சி மகதான்னு."

"சம்பந்தமில்லன்டா?"

"அப்பிடித்தான் எழுதணுமாம். வெறும் காகிதத்துலதானக்கா."

"தெரியாமப் போடல சாந்தி. தெரிஞ்சுதான் போட்டேன். அவுக கேட்டது எனக்குப் புள்ள உண்டா இல்லையான்டு. ரெண்டு வருசம் ராத்திரியும் பகலும் எங்கிட்டதான கெடந்தா? காச்சல்ல தூக்கிக்கிட்டுச் சின்னமனூரு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? அத இல்லன்டு எங்கையால எழுதிக் குடுக்கணுமா?"

"எனக்கு நீ வேணும்க்கா" என்றேன். இவ்வளவு வருடத்தில் இதை நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன்.

அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் என்னை அதட்டுவதுபோல் பேசினாள்.

"ஒரு வருசமா ரெண்டு வருசமா, இந்த ஊருல எல்லார் வீட்டுலயும் எனக்குச் சைபரு போட்டாக. போடட்டும், அது அவுக வாயி. நானா எங்கையால ஒருதரம் போட்டேன், ஒனக்காகப் போட்டேன். அப்பவும் அந்தச் செகப்பு எழுத்துதான் வந்துச்சு. இன்னொருக்கா என்னையப் போடச் சொல்லாத ஆத்தா. நா வரல."

போனை வைக்கவில்லை. வைக்கச் சொல்லவும் இல்லை. அப்புறம், "கயலு இருந்தா குடு" என்றாள்.

கயல் போனை வாங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வக்கீலைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னேன். விண்ணப்பதாரர் சார்பில் என்ன காரணம் குறிக்கட்டும் என்று கேட்டார். அவரிடமும் கத்திவிட்டேன்.